தேங்காய் விலைக்குப் பின்னால் நிற்கும் தோட்டக்காரர்

தேங்காய் விலை ஏறினால் சனங்கள் கடைக்காரரைத் திட்டுவார்கள். விலை இறங்கினால் தோட்டக்காரர் லொறிக்காரரைத் திட்டுவார். இரண்டு திட்டுகளையும் வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருப்பவர்கள் நம் வியாபாரிகள்தான். எனினும் இந்த விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று நம்மிலே நின்று யோசித்தவர்கள் குறைவு. "கொழும்பிலே கூட்டிவிட்டார்கள்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம்.

நான் ஹல்துமுல்லையில் பலசரக்குக் கடை நடத்துபவன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருப்பவனுக்குத் தென்னையைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 அடிக்கு மேலே தென்னை செழிப்பாகக் காய்ப்பதில்லை. நம் ஊரின் மேல்பக்கம், ஹப்புத்தளை, இதல்கஸ்ஹின்னப் பக்கமெல்லாம் தென்னைக்கு ஆகாத குளிர். கீழ்ப்பக்கமாக இறங்கி சொரகுணைப் பக்கம் போனால் வீட்டுத்தோட்டங்களில் மிளகு, பாக்கு, பலாவோடு தென்னையும் நிற்கிறது. பெரகலைச் சந்தியிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாய இறங்கிவிட்டால் அங்கிருந்து புத்தல, தணமல்வில வரை தென்னந்தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அதாவது தேங்காய் விளையாத ஊரில், விளையும் ஊருக்கு ஒரு மணித்தியால தூரத்தில் கடை வைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் தெரிவது இதனால்தான்.

2024 இன் கடைசியிலும் 2025 இன் தொடக்கத்திலும் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டிய நாட்கள் அனைவருக்கும் நினைவிருக்கும். அந்த நேரம் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு நாள் கொழுந்து பறித்த கூலியில் ஏழில் ஒரு பங்கு ஒரேயொரு தேங்காய்க்குப் போனது. அரைத் தேங்காய் கேட்டு வந்தவர்களுக்கு உடைத்துக் கொடுத்தோம். மறுபாதியை யார் வாங்குவார் என்று பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலையாகிவிட்டது. மாலைக்குள் போகாவிட்டால் அது நட்டம். கடன் கொப்பியில் அரிசி, மா, சீனிக்குப் பக்கத்தில் தேங்காயும் பெரிய தொகையாக ஏறிய காலம் அது.

இவ்வளவு விலை விற்றபோது தோட்டக்காரர் பணக்காரராகியிருக்க வேண்டுமல்லவா? அதுதான் இல்லை. அதை விளக்கவே இக்கட்டுரை.

கணக்கு எங்கே உதைக்கிறது?

இலங்கையில் சாதாரண வருடமொன்றில் 2,500 முதல் 3,000 மில்லியன் தேங்காய்கள் வரை கிடைக்கின்றன. இதில் நம் வீட்டு அடுப்படிகளே ஏறத்தாழ 1,800 மில்லியனைச் சாப்பிட்டுவிடுகின்றன. சம்பலும் சொதியும் பால்கறியும் இல்லாமல் நம் நாட்டில் சோறு இறங்காது. மிஞ்சுவதுதான் உலர் தேங்காய்த்துருவல், தேங்காய்ப்பால், எண்ணெய் என்று தொழிற்சாலைகளுக்குப் போகிறது. இப்போது கவனியுங்கள். விளைச்சல் 500 மில்லியன் குறைந்தால் அடுப்படி தன் பங்கைக் குறைப்பதில்லை. குறைவு முழுவதும் மிச்சத்தின் தலையில் விழுகிறது. ஏற்றுமதிக் கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் தொழிற்சாலைக்காரர் இயந்திரத்தை நிறுத்த முடியாது, ஆகவே எந்த விலைக்கும் கேட்கிறார். தெங்கு அபிவிருத்தி அதிகாரசபையின் வாராந்த ஏலத்தில் அந்தப் போட்டி தெரிகிறது. அங்கே ஏறிய விலை நான்கைந்து நாளில் பலாங்கொடை வழியாக நம் கடை வாசலுக்கு வந்துவிடுகிறது. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது விலை ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ஏறாமல் இரட்டிப்பாவதன் இரகசியம் இதுதான்.

விளைச்சல் ஏன் குறைகிறது என்பது அடுத்த கேள்வி. தென்னை நெல்லைப் போன்றதல்ல. பாளை விரிந்து, குரும்பை பிடித்து, காய் முற்றுவதற்கு 11 அல்லது 12 மாதங்கள் ஆகின்றன. அந்தப் பாளையோ மரத்தின் குருத்துக்குள்ளே அதற்கும் இரண்டரை வருடங்களுக்கு முன்பே உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஆக, இன்று நீங்கள் தராசருகே அடுக்கியிருக்கும் காயின் கதை மூன்றரை வருடத்துக்கு முன்னர் ஆரம்பமானது. இடையில் ஒரு கடும் வெயில் வந்தால் குரும்பை கொட்டும், அதன் பலன் ஒரு வருடம் கழித்தே சந்தைக்குத் தெரியும். 2016 இல் ஆரம்பித்த வரட்சியை எடுத்துக்கொள்வோம். அவ்வருடம் 3,000 மில்லியனை ஒட்டியிருந்த விளைச்சல் 2017 இல் 2,450 மில்லியன் அளவுக்கு விழுந்தது.

உரத் தடையின் கதையும் இப்படித்தான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே வருடம் நவம்பரில் தடை நீக்கப்பட்டாலும், உர விலை எங்கேயோ போய்விட்டது. ஆனால் 2022 இல் தேங்காய் விளைச்சல் என்றுமில்லாதவாறு 3,300 மில்லியனையும் கடந்தது! "பார்த்தீர்களா, உரம் போடாமலே காய்க்கிறது" என்று சொன்னவர்கள் உண்டு. அக்காய்களெல்லாம் முன்னர் போட்ட உரத்திலும் முன்னர் பெய்த மழையிலும் உருவானவை என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. மரம் தன் சேமிப்பில் வாழ்ந்துகொண்டிருந்தது. சேமிப்புத் தீர்ந்ததும் காய் குறைந்தது. முதலைச் சாப்பிட்டுக்கொண்டு இலாபம் வருகிறதென்று நினைக்கும் வியாபாரிகளை நாம் பார்த்ததில்லையா? அதே நிலைதான்.

ஒன்றரை ஏக்கர்காரரின் வரவு செலவு

தென்னை என்றதும் குருநாகல், புத்தளம், கம்பஹா முக்கோணத்திலுள்ள பெரிய தோட்டங்கள்தான் நம் கண்ணுக்கு வருகின்றன. உண்மையில் நாட்டின் தென்னங்காணிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சிறு உடைமையாளர்களின் கையில் இருக்கிறது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள்.

எனக்குக் காய் தரும் பெரியவர் ஒருவர் வெல்லவாயப் பக்கம் இருக்கிறார். ஒன்றரை ஏக்கர் காணி, காய்க்கும் மரங்கள் எண்பது. போன வருடம் அவரோடு அவருடைய திண்ணையில் உட்கார்ந்து ஒரு சிட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். தொகைகளை வாசகர்களின் வசதிக்காக உருட்டித் தருகிறேன்.

மரத்துக்கு வருடத்தில் 40 காய் என்று வைத்தால் 3,200 காய். இதில் 600 காயைக் குரங்குக்கும் அணிலுக்கும் எழுதிவிட வேண்டும் என்றார், எழுதினோம். மிச்சம் 2,600. தோட்டத்தில் வைத்து ஒரு காய் 100 ரூபா என்றால் 260,000 ரூபா வருகிறது. இனிச் செலவு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, வருடத்தில் ஆறு பறிப்பு. மரத்துக்கு 150 ரூபா பறிகூலி என்றால் 72,000. மரமொன்றுக்கு வருடத்துக்கு மூன்று கிலோ அளவில் உரம் போடுவதென்றால் எண்பது மரத்துக்கும் 240 கிலோ, அதாவது ஐந்து மூட்டை. மூட்டை 10,000 என்றால் 50,000. பற்றை வெட்டல், வேலி, காவல் எல்லாவற்றுக்குமாக 48,000. கழித்துப் பார்த்தால் மிச்சம் 90,000 ரூபா. மாதத்துக்கு 7,500.

பெரியவர் சிட்டையைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, "மவன், இதைவிட அந்த வளவில் நாலு அறை கட்டிக் கூலிக்கு விட்டால் என்ன?" என்று கேட்டார். அதற்கு உடனே சொல்வதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

காணியைத் துண்டு போட்டு விற்பது கம்பஹா மாவட்டத்தில் எப்போதோ ஆரம்பித்த கதை. நகரம் வளர வளரத் தென்னங்காணி வீட்டுக் காணியாகிறது. அதோடு வாரிசுரிமைப் பங்கீடும் சேர்ந்துகொள்கிறது. தகப்பனின் மூன்று ஏக்கர் நான்கு பிள்ளைகளுக்குப் பிரிந்தால் ஒருவருக்கு முக்கால் ஏக்கர்தான். முக்கால் ஏக்கரை நம்பி யாரும் ஊரில் இருப்பதில்லை. ஒருவர் கொழும்பிலும் ஒருவர் கட்டாரிலும் இருக்க, மரங்கள் தம்பாட்டில் நிற்கின்றன. உரமில்லை, பார்வையில்லை, விழுந்த காயைப் பொறுக்குபவர் எடுத்துக்கொள்கிறார். இப்படிப் பாராமல் விடப்பட்ட காணிகள்தான் தேசிய சராசரி விளைச்சலைக் கீழே இழுக்கின்றன என்பது என் அபிப்பிராயம். ஒரு ஏக்கரில் 26 அடி இடைவெளியில் நட்டால் 64 மரம் நிற்கும். நன்றாகக் கவனித்த மரம் 70, 80 காய் தரும். நாட்டுச் சராசரியோ அதில் பாதிதான்.

பறிப்பவர்களும் கிடைப்பதில்லை. தென்னிந்தியாவில் போல ஏறாமல் நம் நாட்டில் பெரும்பாலும் நீண்ட தடியில் கத்தி கட்டியே பறிக்கிறார்கள். அதற்கும் தோளில் பலம் வேண்டும், கண்ணில் கூர்மை வேண்டும். முற்றிய குலையை விட்டு முட்டுக்காயை வெட்டினால் நட்டம். இந்த வேலை தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது, இளைஞர்கள் முச்சக்கர வண்டி ஓட்டப் போய்விட்டார்கள். இந்தியாவில் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 இலிருந்து இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் மரமேறும் கருவியில் பயிற்சி கொடுத்தது. கேரளத்தில் அது பெருமளவில் நடந்தது. நம் பக்கத்திலும் ஊருக்கு நான்கு பேரைப் பயிற்றுவித்துக் கருவியும் காப்புறுதியும் கொடுத்தால் அது ஒரு நல்ல சுயதொழில்.

குரங்கும் பூச்சியும் நோயும்

குரங்கைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. நகரத்தில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கை. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால்தான் நாடு முழுவதும் மின்சாரம் போனது என்று சொல்லப்பட்டபோது அனைவரும் சிரித்தார்கள். தோட்டக்காரர்கள் சிரிக்கவில்லை. குரங்கு முற்றிய காயை விடக் குரும்பையையும் இளங்காயையும்தான் விரும்புகிறது. ஒன்றைக் கடித்து, பாதி குடித்து எறிந்துவிட்டு அடுத்ததைப் பிடுங்கும். கூட்டமாக வந்தால் அடுத்த மூன்று பறிப்புக்கான காய் ஒரு காலையில் தரையில் கிடக்கும். 2023 இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை வந்து, வழக்கும் எதிர்ப்பும் கிளம்பிக் கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15 ஆந் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கு, மந்தி, மயில், தண்டு அணில் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார்கள். எண்ணியது சரி, எண்ணிய பிறகு என்ன என்பதுதான் தோட்டக்காரரின் கேள்வி. புத்தல, தணமல்வில பக்கம் இதற்கு மேலே யானையும் இருக்கிறது. இளம் தென்னையின் குருத்தை யானை ஒரு தடவை பிடுங்கினால் அந்த மரம் முடிந்தது.

பூச்சிகளில் பழைய எதிரி தென்னைச் சிற்றுண்ணி. 1997 இன் இறுதியில் கற்பிட்டியில் முதன்முதலாகக் காணப்பட்டு நாடெங்கும் பரவியது. கண்ணுக்குத் தெரியாத இந்த உண்ணி இளங்காயின் குல்லாவுக்கு அடியில் இருந்து சாற்றை உறிஞ்சுவதால், மட்டை வெடித்துக் காய் சிறுத்துப்போகும். கடைக்கு வரும் காய்களில் மண்ணிறத் தழும்போடு சிறியதாக இருப்பவற்றைப் பார்த்திருப்பீர்கள். லுணுவிலயிலுள்ள தெங்கு ஆராய்ச்சி நிலையம் இந்த உண்ணியைத் தின்னும் வேறொரு உண்ணியைப் பெருக்கித் தோட்டங்களில் விடுகிறது. அண்மைக் காலத்து எதிரி வெள்ளை ஈ. இது ஓலையின் அடிப்பக்கத்தில் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும். அதன் கழிவில் கரும்பூஞ்சணம் படர்ந்து ஓலை கரிபூசியது போலாகிவிடும். 2016 இல் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சித் தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது அங்குள்ளவர்கள் கண்டபடி மருந்தடித்தார்கள். மருந்து ஈயை விட அதன் எதிரியான சிறு குளவியைத்தான் முதலில் கொன்றது. இன்று அங்கேயும் இங்கேயும் சொல்லப்படுவது, தண்ணீரைப் பலமாகப் பீச்சி அடியுங்கள், வேப்பெண்ணெய்யும் சவர்க்காரமும் கலந்து தெளியுங்கள், கடும் மருந்துக்குப் போக வேண்டாம் என்பதே.

இவையெல்லாம் காயைக் குறைப்பவை, மரத்தோடு மனிதர் சமாளிக்கலாம். வெலிகம ஓலை வாடல் நோய் அப்படியல்ல. 2006, 2007 காலப்பகுதியில் வெலிகமப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட இந்த நோய் பைட்டோபிளாஸ்மா எனும் நுண்ணுயிரால் வருகிறது. ஓலை தொங்கி, மஞ்சளாகி, பாளை சிறுத்து, மரம் பயனற்றுப்போகும். குணப்படுத்தும் மருந்து இல்லை. நோய் கண்ட மரத்தை வெட்டி அழிப்பதும், காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களிலிருந்து தென்னங்கன்றுகளை வெளியே கொண்டுபோகாமல் தடுப்பதுமே வழி. இதில் நம் வியாபாரிகளுக்கு நேரடிப் பங்கிருக்கிறது. அம்பாந்தோட்டை மாவட்டம் நம் ஊவாவின் எல்லை. அங்கிருந்து திரும்பும் லொறியில் "நல்ல சாதிக் கன்று, மலிவாகக் கிடைத்தது" என்று பத்துக் கன்றை ஏற்றி வருபவரை நான் கண்டிருக்கிறேன். பத்துக் கன்றில் மிச்சம் பிடிப்பது சில ஆயிரம் ரூபா. நோய் மொனராகலைக்கு ஏறிவிட்டால் போவது நம் அனைவரின் சரக்கும். சிவப்பு, பச்சைக் குட்டைத் தென்னை எதுவாக இருந்தாலும் தெற்கிலிருந்து கன்று ஏற்றாதீர்கள்.

அரசாங்கம் செய்வதும் நாம் செய்யக்கூடியதும்

விலை ஏறும்போதெல்லாம் ஆட்சியாளர்கள் முதலில் கைவைப்பது விலைப் பலகையில்தான். 2020 செப்டெம்பரில் சுற்றளவை வைத்து உச்ச விலை நிர்ணயித்தார்கள். 13 அங்குலத்துக்கு மேலென்றால் 70 ரூபா, 12 முதல் 13 வரை 65, அதற்குக் குறைந்தால் 60. கடைக்காரர் அளவு நாடாவோடு நிற்க வேண்டுமா என்று அக்காலத்தில் பகிடி பண்ணினார்கள். அதே மாதம் தெங்கு விவகாரத்துக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சர் தென்னை மரத்தில் ஏறி நின்று பத்திரிகையாளர்களுக்குத் தட்டுப்பாட்டை விளக்கிய படம் உலகமெல்லாம் போனது. மரத்தில் ஏறியதில் தவறில்லை, ஆனால் உச்ச விலை சந்தையில் எடுபடவில்லை. கொள்முதல் விலையே அதற்கு மேலே இருக்கும்போது எவரும் விற்க மாட்டார்.

2025 தொடக்கத்தில் வேறு வழிக்குப் போனார்கள். ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்காகப் பதப்படுத்திய தேங்காய்ப் பருப்பு, தேங்காய்ப்பால் போன்றவற்றை இறக்குமதி செய்ய அமைச்சரவை அனுமதித்தது. முழுக்காயைக் கொண்டுவந்தால் அதோடு வெளிநாட்டு நோயும் வரும் என்ற பயம் இருப்பதால் இந்த ஏற்பாடு. மேலே சொன்ன கணக்கின்படி இது அர்த்தமுள்ளதுதான். தொழிற்சாலை வெளியிலிருந்து எடுத்தால் ஏலத்தில் போட்டி குறையும். எனினும் விலை அளவுக்கு மீறி விழுந்தால் நம் பெரியவரின் 90,000 ரூபாவும் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். அதே வருடம் ரஷ்யா நன்கொடையாகத் தந்த பொட்டாசு உரத்தைச் சேர்த்துத் தென்னை உரம் தயாரித்து மானிய விலையில் கொடுத்தார்கள். செப்டெம்பர் 2, உலக தென்னை தினத்தன்று புதுக்குடியிருப்பில் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டத்தையும் ஜனாதிபதி ஆரம்பித்துவைத்தார். நல்ல விடயம். ஆனால் நெட்டைச் சாதிக் கன்று காய்க்க ஆறேழு வருடம் வேண்டும். கலப்பினக் கன்றுக்கே மூன்று நான்கு வருடம். அக்காய் நம் கடைக்கு வரும்வரை இப்போது நிற்கும் மரங்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

ஆகவே வியாபாரி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

முதலாவது பொச்சுமட்டை விடயம். தோட்டத்தில் மட்டையோடு எண்ணி ஏற்றிக்கொண்டு போவது நமக்கு இலேசு. ஆனால் மரம் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசில் பெரும் பகுதி மட்டையில்தான் இருக்கிறது. மட்டையை ஏற்றும்போது அந்தக் காணியின் உரத்தையே ஏற்றிக்கொண்டு போகிறோம். உரித்த பின் மட்டையை மரத்தடிக் குழியில் அடுக்கி மண் போட்டால் அது தன் நிறையைப் போல ஆறேழு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். மொனராகலை மாதிரி வருடத்தில் பல மாதம் காயும் பிரதேசத்தில் இதைவிடப் பெரிய நீர்த்தாங்கி இல்லை. நான் இப்போது தோட்டத்திலேயே உரித்துத்தான் எடுக்கிறேன். உரிகூலி என் கணக்கில். லொறியில் இரண்டு மடங்குக்கு மேல் காய் ஏறுகிறது, பெரகலை ஏற்றத்தில் டீசல் செலவும் குறைகிறது. ஆகக் கூலி எனக்குத் திரும்பிவிட்டது. தும்புத் தொழிற்சாலைக்கு மட்டை விற்று வாழ்பவர்கள் என் மீது கோபப்படக்கூடும். அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லா மட்டையையும் புதைக்கச் சொல்லவில்லை, வரண்ட காணியில் பாதியாவது மிஞ்ச வேண்டும்.

இரண்டாவது, முற்பணம். கலியாணம், ஆஸ்பத்திரி என்று தோட்டக்காரர் வந்து நிற்கும்போது, இரண்டு வருடத்துக் காயை இன்றைய மலிவு விலைக்குக் குத்தகை பேசி முடிப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். இன்னும் பாளையே வராத காயை வாங்குவது மார்க்க ரீதியாகச் சரியா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் துறையல்ல. வியாபார ரீதியாகச் சொல்கிறேன். குத்தகை கொடுத்தவர் அந்த மரத்துக்கு உரம் போட மாட்டார், காய் அவருடையதல்லவே. குத்தகை எடுத்தவரும் போட மாட்டார், மரம் அவருடையதல்லவே. இரண்டு வருடம் பட்டினி கிடந்த மரம் மூன்றாம் வருடம் எவருக்கும் காய்க்காது. இதற்குப் பதிலாக உரமாக முற்பணம் கொடுத்துவிட்டு, பறிக்கும் நாளின் விலைக்கே காயை எடுத்து, உரத்தின் பெறுமதியை ஆறு பறிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கலாம். எண்பது மரத்துக்கு ஐந்து மூட்டை. ஒரு கடைக்காரருக்கு அது தாங்க முடியாத முதலீடல்ல.

மூன்றாவதாக, ஊடுபயிர். பெரியவரின் கேள்விக்குப் பிறகு கிடைத்த பதில் இதில்தான் இருந்தது. 26 அடி இடைவெளியில் நிற்கும் மரங்களுக்கிடையே நிறைய வெயில் விழுகிறது. நம் ஹல்துமுல்லைப் பக்கம் கிளிரிசிடியாவில் ஏற்றிய மிளகைப் பற்றி எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அதே மிளகும் வாழையும் தென்னைக்குக் கீழே வரும். வெல்லவாயப் பக்கத்தில் ஈரம் தங்கும் பள்ளக் காணியில் மிளகு, மேட்டுக்காணியில் வாழையும் மரவள்ளியும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கிளிரிசிடியாக் குழையை வெட்டி மரத்தடியில் போட்டால் யூரியாத் தேவை வெகுவாகக் குறையும். மிளகு குரங்குக்குப் பிடிக்காது என்பது மேலதிக இலாபம். ஒரே பயிரை நம்பினால் மாதம் 7,500. அதே காணியில் இன்னொரு வரவு இருந்தால் காணியைத் துண்டு போடும் யோசனை கொஞ்சம் தள்ளிப்போகும். பெரியவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. மகன் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த பிறகு பார்ப்போம் என்கிறார். பள்ளப்பக்கம் மட்டும் நாற்பது மிளகுக் கொடி வைத்திருக்கிறார்.

கடைசியாகக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வருடத்தில் மே, ஜூன் பறிப்பில்தான் காய் அதிகம். நவம்பர் முதல் ஜனவரி வரை குறைவு. விலையும் அதற்கேற்பத்தான் நடக்கும். முற்றிய காயை மட்டையோடு, மழை படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. உரித்த காயை அப்படி வைக்க முடியாது. எனவே தோட்டக்காரரிடம் இடமிருந்தால் ஒக்டோபர்ப் பறிப்பில் ஒரு பகுதியை அங்கேயே மட்டையோடு வைத்து, பணத்தை முன்னரே கொடுத்துவிடுவது இருவருக்கும் நல்லது. நம் மலைப்பாதையை நம்பி டிசம்பரில் லொறி வரும் என்று உட்கார்ந்திருக்கவும் முடியாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் பதுளை மாவட்டத்தைப் போட்டு உலுப்பியதையும் கண்டவர்கள் நாம். தேவைக்கு மேல் பதுக்கச் சொல்லவில்லை, இரண்டு கிழமைக்கான சரக்கு ஊருக்குள் இருக்க வேண்டும் என்கிறேன்.

கன்று நட விரும்புபவர்கள் ஊவாவின் மழைக்காலமான ஒக்டோபர், நவம்பரில் நடுவதே பொருத்தம். மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி வெட்டி, அடியில் இரண்டு அடுக்குப் பொச்சுமட்டை போட்டுவையுங்கள். கன்றைத் தெங்கு பயிர்ச்செய்கை சபையின் நாற்றுமேடையிலிருந்தே எடுங்கள். கேட்பவர் தொகை அதிகமாகையால் மழை தொடங்கிய பிறகு போனால் கிடைக்காது. சில மாதங்களுக்கு முன்னரே உங்கள் பிரதேசத்து தென்னை அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்துவையுங்கள்.